பாதி அழுத்தத்தில் நின்றவர்

கயிற்றுக்காரத் தெருவில் கஸ்பார் கொரைரா தன் வீட்டு வாசற்படியில் நிற்க ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து கறி வாங்கப் போனவர்கள் எல்லாம் வீடு திரும்பிவிட்ட நேரம். அவர் நின்றுகொண்டே இருந்தது எட்டு மாதமும் பதினோரு நாளும். அதற்குக் காரணம், அவர் மனைவி இமாக்குலேட்டைக் கேட்டால், கேமரா செய்த கம்பெனிக்காரனின் யோக்கியதை. அவளைக் கேட்காதவர்கள் வேறு காரணம் சொன்னார்கள். ஆனால் அவள் காதில் விழும்படி சொல்லவில்லை, ஏனென்றால் அவள் நாக்கைப் பற்றித் தூத்துக்குடியில் துறைமுகம்வரைக்கும் தெரியும்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளி நிறக் கேமரா அது. மகள் டெல்பின் தோஹாவில் வேலைக்குச் சேர்ந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தாள். பெட்டியைப் பிரித்த அன்றே இமாக்குலேட் அதன் குறைகளைக் கண்டுபிடிக்கத் தொடங்கி, வருஷக் கணக்கில் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தாள். தலையில் இருந்த, படமா வீடியோவா என்று மாற்றுகிற டயல் ஒவ்வொரு குறிச் சித்திரத்துக்கும் நேராக வந்ததும் கெட்டியாக நிற்க வேண்டியது, அது நிற்காது, பைக்குள் போட்டால் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு, பெருவிழாத் தேரைப் படமெடுக்கப் போனவளை வீடியோ எடுக்க வைக்கும். ஜூம் வளையம் கிலுகிலுப்பை மாதிரி ஆடும். பேட்டரிக் கதவின் கொக்கி உடைந்து போய், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தாள். எல்லாவற்றிலும் மோசம் படமெடுக்கிற பொத்தான்: பாதி அழுத்தினால் ஃபோகஸ் பிடித்து நிற்க வேண்டும், முழுக்க அழுத்தினால் படம் விழ வேண்டும், இதில் பாதி எங்கே முடிகிறது, முழுசு எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தெரியவே தெரியாது, டீயில் ஊறின ரஸ்க்கை அழுத்துகிற மாதிரி.

கான்வென்டில் சிஸ்டர்மார் பழக்கிக்கொடுத்த சாய்ந்த கையெழுத்தில், ஆங்கிலத்தில், கம்பெனிக்கு மூன்று பக்கம் எழுதினாள். பொத்தான்களின் ஆட்டம் இயல்பான அளவுக்குள்தான் இருக்கிறது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. "என் கல்யாண வாழ்க்கையப் பத்தி எழுதிக் கேட்டாலும் இவன் இதையேதான் எழுதுவான்" என்றாள் இமாக்குலேட். கஸ்பார் சிரித்தார். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் குறித்துக்கொள்ளும் வேலையில் முப்பத்துமூன்று வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், மூட்டை இறங்கும் வேகத்துக்கு மேல் எதையும் செய்து பழகாதவர், "மெதுவா அழுத்து, இமா" என்று மட்டும் சொன்னார். அவர் அவளிடம் பேசிய பேச்சில் பாதி இந்த மெதுவாதான். மெதுவா இறங்கு, மெதுவா சாப்பிடு, ஆள் போனப்புறம் மெதுவா திட்டு.

அந்த ஞாயிறு அவர்களுடைய முப்பதாவது கல்யாண நாள். சந்தன நிறச் சட்டை போட்டுக்கொண்டு கஸ்பார் படியில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் காகிதப்பூக் கொடி. இமாக்குலேட் தெருவில் சாக்கடை மூடியின்மேல் நின்று கேமராவைத் தூக்கினாள், அடுப்பில் கறி, குக்கர் இரண்டு சத்தம் கொடுத்திருந்தது. அவர் வலது கையைத் தூக்கி இடது மார்பில் வைத்தார்.

"திரு இருதயப் படமாட்டம் எதுக்கு நெஞ்சில கை? இறக்குங்க. அடுப்புல கறி கெடக்கு" என்றாள்.

அவர் இறக்கவில்லை. அவள் மூன்றுவரை எண்ணுகிறேன் என்று சொல்லி இரண்டிலேயே பொத்தானைக் குத்தினாள். பொத்தான் பாதிவரை இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. கஸ்பாரும் தங்கிவிட்டார்.

முதல் கால்மணி நேரம் அவள் திட்டினாள், பிறகு கெஞ்சினாள், பிறகு எதிர்வீட்டு செலஸ்தீன் வந்து குக்கரை இறக்கி வைத்தாள். கஸ்பாரின் கை சூடாக இருந்தது, கண் திறந்திருந்தது, இமை அசையவில்லை, தோளைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தபோது சுவரைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. கேமராவின் திரையில் அவர் முகமும், முகத்தைச் சுற்றி ஃபோகஸ் பிடித்ததற்கு அடையாளமாக ஒரு பச்சைச் சதுரமும் தெரிந்தன, கேமராவைக் கூரைப் பக்கம் திருப்பினாலும் தரைப் பக்கம் திருப்பினாலும் அதே முகம், அதே சதுரம். கிளினிக்கிலிருந்து வந்த வயசான டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சூடு இருக்கு, துடிப்பு இல்ல, இதுக்கு நான் படிக்கலம்மா" என்று பையை மூடினார். செலஸ்தீன் தெருவைப் பார்த்துச் சொன்னாள்: "நிக்கட்டும். அவருக்கு எப்பத் தோணுதோ அப்ப வரட்டும். பொறந்ததுலருந்து அவசரப்படாத மனுசன்."

அப்படித்தான் அவர் நின்றார், அப்படித்தான் தெரு அவரை நிற்க விட்டது. முதல் வாரம் வெயிலுக்குக் குடை கட்டினார்கள், இரண்டாம் வாரம் வத்தைப் படகுக்காரர்கள் பழைய பாய்த்துணியைக் கொண்டுவந்து படிக்கு மேலே பந்தல் போட்டார்கள், மூன்றாம் வாரத்திலிருந்து ஆட்டோக்காரர்கள் "கஸ்பார் நிக்கிற வீட்டுக்கு வடக்க" என்று வழி சொன்னார்கள். சட்டையில் தூசி படியவில்லை, தாடி வளரவில்லை, ஐப்பசி மழை அவரைத் தொடாமல் இருபுறமும் வழிந்து போயிற்று, அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும். ஓய்வூதியக்காரர் உயிரோடிருக்கிறார் என்று சான்று எழுத வந்த அதிகாரி, அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, நெடுநேரம் யோசித்து, "நேரில் கண்டேன்" என்று மட்டும் எழுதி, அதற்கடுத்த வரியைக் காலியாக விட்டுப் போனார். பங்குச்சாமி லிகோரி குடும்ப அட்டைகளைத் திருத்த வந்தபோது, வெளிநாட்டில் இருப்போர், நோயுற்றோர், இறந்தோர் என்ற பத்திகளில் எதிலும் அவரைப் போட மனமில்லாமல், ஓரத்தில் "நிற்கிறார்" என்று பென்சிலால் எழுதிக்கொண்டார்.

கொஞ்சநாளில் ஆட்கள் அவரிடம் பேச ஆரம்பித்தார்கள். அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால் இரண்டு பேரும் அவர் முன்னால் வந்து சத்தியம் பண்ணினார்கள். வீட்டில் சொல்ல முடியாததைப் பெண்பிள்ளைகள் அவர் காதோரம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்கள். தாலி கட்டி வந்த ஜோடிகள் ஆசிக்காக அவர் நின்ற படியில் கால்வைத்து இறங்கின. ஆனால் அந்தத் தெருவில் அதற்குப்பிறகு யாரும் படமெடுக்கவில்லை. ஞானஸ்நானம் என்றாலும் மஞ்சள் நீராட்டு என்றாலும் பக்கத்துத் தெருவுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

கேமராவுக்கு இமாக்குலேட் வீட்டுப் பீடத்தில் இடம் செய்தாள். அந்தோணியார் சுரூபத்தைக் கண்ணாடிக் கூண்டிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, கூண்டுக்குள் கேமராவை வைத்து, ஒயரைப் பின்பக்கமாக இழுத்துச் சொருகினாள். பொத்தான் பாதியில் இருக்கும்வரை அது அணையாது, ஆனால் மின்சாரம் போகக் கூடாது. அதனால் மூன்று வீட்டு இன்வெர்ட்டர்களிலிருந்து அந்தக் கூண்டுக்கு ஒயர் வந்தது. கரண்ட் போனால் தெருக்காரர்கள் தங்கள் வீட்டு விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் நன்றி சொல்லவில்லை. கம்பெனிக்கு ஒன்பதாவது கடிதம் எழுதினாள். இந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது.

தோஹாவிலிருந்து டெல்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் பேசினாள். "அம்மா, அப்பாவ அப்படியே தெருவுல விட்டுட்டு எப்படிம்மா சாப்பிடுத?" என்று கேட்டாள்.

"அவர் முன்னால உக்காந்துதான் சாப்பிடுதேன். ஒரு குறையும் சொல்லாம பாத்துட்டு நிக்காரு. உங்கப்பா எப்பவும் அப்படித்தான" என்று இமாக்குலேட் சொல்லிவிட்டு, போனை வைத்தபிறகு தட்டைக் கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆறாவது மாதம் செலஸ்தீன் வீட்டு மாடிக்கு சுகிர்தா என்கிற டாக்டர் பெண் குடிவந்தாள், அரசு ஆஸ்பத்திரியில் இருதயப் பிரிவில் வேலை. வந்த முதல் வாரம் மற்றவர்களைப் போலவே கஸ்பாருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஸ்கூட்டரில் போனாள். இரண்டாம் வாரம் ஒருநாள் காலையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல், அவர் முகத்துக்கு எதிரே வந்து நின்றாள். அவருடைய இடது நெற்றிப்பொட்டில் ஒரு வியர்வைத் துளி இருந்தது. ஆறுமாதமாக இருந்தது. எல்லோரும் பார்த்திருந்தார்கள், வெயிலில் நின்ற மனுசனுக்கு வியர்க்காதா என்று விட்டிருந்தார்கள்.

"அக்கா," என்றாள் சுகிர்தா, காய் நறுக்கிக்கொண்டிருந்த இமாக்குலேட்டைப் பார்த்து. "அன்னைக்கு என்ன மாசம்?"

"ஆடி முடிஞ்சு காத்து அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஏன்?"

"காத்துல ஏன் இப்படி வேர்த்திருக்கு? உதட்டப் பாருங்க, நிறம் சரியில்ல. தொங்குற கையில விரல் மடங்கி இருக்கு." அவள் ஹெல்மெட்டைக் கழற்றிப் படியில் வைத்தாள். "அக்கா, இவரு போஸ் குடுக்கல. இவருக்கு நெஞ்சு வலிச்சிருக்கு."

இமாக்குலேட் கத்தியைக் கீழே வைத்தாள். திரு இருதயப் படமாட்டம் என்று தான் சொன்னது அவளுக்குள் ஒருதரம் கேட்டது, அடுப்புல கறி கெடக்கு என்றது இன்னொருதரம் கேட்டது.

"இப்ப வலிக்குதா?" என்று கேட்டாள்.

"தெரியல. அவருக்கு இது ஒரு நொடிகூட ஆகாம இருக்கலாம். இல்ல, அந்த வலி ஆறுமாசமா நடந்துக்கிட்டு இருக்கலாம். எது என்னன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"பொத்தான் விட்டா?"

"விட்ட நொடியிலருந்து அட்டாக் தொடரும். பக்கத்துல நாங்க இருந்தா பிழைக்க வாய்ப்பு இருக்கு. யாரும் இல்லாம விட்டுச்சுன்னா இல்ல."

"அப்ப நிக்கட்டும்" என்றாள் இமாக்குலேட். "நிக்கிறவரைக்கும் என் வீட்டுல சாவு இல்ல." அதைச் சொன்னபிறகு நாலு நாள் அவள் யாரையும் திட்டவில்லை. தெரு பயந்துபோயிற்று.

பயந்துபோன தெரு அதற்குத் தெரிந்த ஒன்றைச் செய்தது: மெழுகுவர்த்தி ஏற்றியது. முதலில் செலஸ்தீன் ஒன்று கொண்டுவந்து கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் வைத்தாள், பிறகு வத்தைக்காரர்கள் வீட்டுப் பெண்கள், பிறகு அவர் காதில் ரகசியம் சொன்ன பிள்ளைகள், சண்டைக்காரச் சகோதரர்கள், கடைசியில் தர்காவுக்குப் பக்கத்திலிருந்தும் பிள்ளையார் கோயில் தெருவிலிருந்தும் ஆட்கள், அவர்களும் மெழுகுவர்த்தியோடுதான் வந்தார்கள், கொரைரா வீட்டு வழக்கம் அது என்று. ஏழாம் மாதம் முழுக்க அந்த அறை சூளையாகக் கொதித்தது. எட்டாம் மாதம் ஒரு காலையில் இமாக்குலேட் கூண்டைத் திறந்தபோது ரப்பர் பேண்ட் இளகி அறுந்திருந்தது, பேட்டரிக் கதவு வளைந்து வாய்பிளந்திருந்தது, திரை விட்டுவிட்டு அணைந்தது. ஒவ்வொரு முறை அணையும்போதும், வாசலில் கஸ்பாரின் இமை துடித்தது. துடித்துவிட்டு மறுபடி நின்றது.

"ஊரே சேந்து வேண்டிக்கிட்டு என் புருசனைக் கொல்லப் பாத்தீங்களா?" என்று அவள் தெருவில் இறங்கிக் கேட்டாள். செலஸ்தீன் உள்ளே போய், எரிந்துகொண்டிருந்த திரிகளை ஒவ்வொன்றாக விரலால் கிள்ளி அணைத்தாள்.

மணிக்கூண்டுப் பக்கம் வாட்ச்சும் கேமராவும் பழுதுபார்க்கிற ஐயம்பெருமாளைக் கூட்டி வந்தார்கள். இமாக்குலேட்டைவிடப் பத்து வயசு இளையவன், அவளிடம் பலமுறை திட்டு வாங்கியவன். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேமராவைத் தொடாமல் நாலுபக்கமும் பார்த்தான்.

"இதச் செஞ்சவன் மகா கஞ்சன்" என்றான்.

"எட்டு வருசமா நானும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"ஆனா அம்மா, கஞ்சன் வச்ச ஸ்பிரிங்குன்னாலும் அது தன்னால வளையாது. குத்திக் குத்தி வளைச்சிருக்கீங்க. இது அழுத்துறதுக்கு உள்ள பொத்தான். கதவத் தட்டுற மாதிரி தட்டுறதுக்கு இல்ல."

கேமரா கைக்கு வந்த பிறகு முதல்தடவையாக அதன் குறையைப் பற்றி ஒருவன் சொன்னதற்கு அவளிடம் மறுப்பு இல்லை.

மேலே எழும்புவதற்கு ஸ்பிரிங்கில் வலு இல்லை, இனிக் கீழே போக மட்டும்தான் வழி என்றான் ஐயம்பெருமாள். முழுக்க அழுத்தினால் படம் விழும், பிடி விடும். அழுத்தாவிட்டாலும் இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ, பேட்டரி தானாக நழுவும். அது பூசை நேரமோ, ஆளில்லாத மத்தியானமோ, தெரியாது. அழுத்துவதிலும் ஒரு கண்டம் இருந்தது: கோணலாக அழுத்தினால் பக்கத்தில் இருக்கிற டயல் சுற்றி மாறும், மாறினால் கேமரா முதலில் அணைந்துவிட்டு வரும், அப்புறம் என்ன ஆகும் என்று அவனுக்கே தெரியாது. அவன் சுற்றிலும் பார்த்து, தரையில் கிடந்த மெழுகைச் சுரண்டி, விரலில் உருட்டி, டயலின் அடியில் இருந்த இடுக்கில் சுற்றிலும் அடைத்தான். எட்டு வருஷமாக ஆடிக்கொண்டிருந்த டயல் அசையாமல் நின்றது. "கம்பெனிக்காரன் செய்யாதத உங்க தெருக்காரங்க செஞ்சிருக்காங்க" என்றான்.

அவனிடம் அதே மாடலில் செத்துப்போன கேமரா ஒன்று இருந்தது. அதை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஆறு நாள் அவள் அதன் பொத்தானை அழுத்திப் பழகினாள், சோறு வேகும்போதும், செபமாலை சொல்லும்போதும், கஸ்பாருக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தும். முதல் நாள் அழுத்திய ஐம்பது முறையும் குத்தினாள். மூன்றாம் நாள் விரல்நுனிக்கு ஏதோ தெரிந்தது: ஒரு மயிரிழை, அதற்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் முழுசு. அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தபோது, அவள் செத்த கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கஸ்பாரின் முகத்தை, அந்தத் துளியை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

செலஸ்தீன் வந்து பக்கத்தில் குந்தினாள். "பயமா இருக்கா இமா?"

"பயமா இருக்கு மதினி. விட்டுட்டா, செத்தாலும் செத்துருவாரு. விடலைன்னா, வலிச்சாலும் வலிக்கும். ரெண்டுல எதைச் செஞ்சாலும் என் விரல்தான்."

"வலியோட நிக்க வச்சுட்டு நம்ம நல்லாருக்க முடியுமா?"

"முடியாதுன்னுதான பழகிக்கிட்டு இருக்கேன்" என்றாள் இமாக்குலேட், பழைய சுருக்கென்ற குரலில். செலஸ்தீனுக்கு நிம்மதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி என்று சுகிர்தா நாள் குறித்தாள். தெருமுனையில் ஆம்புலன்ஸ் பின்கதவைத் திறந்துவைத்து நின்றது. செலஸ்தீனின் மகன்கள் இரண்டுபேரும், வத்தையைக் கரையேற்றிக் கை வலுத்தவர்கள், கஸ்பாருக்கு இருபுறமும் அக்குளுக்குக் கீழே கைகளை நீட்டி, தொடாமல் வைத்திருந்தார்கள். சுகிர்தா ஊசியில் மருந்தேற்றிக்கொண்டு படியோரம் முழங்காலிட்டிருந்தாள். பாய்த்துணிப் பந்தலை அவிழ்த்துவிட்டதால் வெயில் அன்றைய ஞாயிறு மாதிரியே காகிதப்பூவில் விழுந்தது. தெரு முழுக்க ஆட்கள், செருப்புச் சத்தம்கூட இல்லை.

இமாக்குலேட் கூண்டிலிருந்து கேமராவை எடுத்து, ஒயரோடு, இரண்டு கையிலும் ஏந்தி, தெருவில் இறங்கி, அதே சாக்கடை மூடியின்மேல் நின்றாள். திரையில் அந்த முகமும் பச்சைச் சதுரமும் அணைந்து, எரிந்து, அணைந்து, எரிந்தன. எரிகிற நேரம் பார்த்து விரல்நுனியைப் பொத்தானின் நடுவில் வைத்தாள். அவசரமே படாமல், மூட்டை இறங்குகிற வேகத்தில், அழுத்தினாள். மயிரிழை வந்தது. தாண்டினாள்.

டிக்கென்றது.

வியர்வைத் துளி நெற்றிப்பொட்டிலிருந்து கன்னத்தில் ஓடித் தாடையில் தொங்கி, சந்தன நிறச் சட்டையில் விழுந்தது. கஸ்பார் கொரைரா, எட்டு மாதத்துக்கு முன்னால் மனைவி சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, வலது கையை மார்பிலிருந்து எடுத்து மெல்லக் கீழே இறக்கினார்.

"இறக்கிட்டேன் இமா," என்றார். "இப்ப எடு."

முழங்கால் மடிந்தது. நாலு கைகள் அவரை வாங்கிக்கொண்டன. ஊசி ஏறிற்று, தூக்குக்கட்டில் வந்தது, தெரு இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. இமாக்குலேட் கேமராவைப் படியில், அவர் நின்ற இடத்தில், வைத்துவிட்டு ஓடினாள். படம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

வண்டிக்குள் சுகிர்தா அவர் முகத்தில் குழாயை மாட்டி, எங்கெங்கோ ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கி, வண்டி ஆடுகிற ஆட்டத்துக்கெல்லாம் ஆடியது. இமாக்குலேட் அந்தக் கையை எடுத்தாள், சூடாகத்தான் இருந்தது, எடுத்து அவர் இடது மார்பில், முன்பிருந்த இடத்தில், விரல்களை விரித்து வைத்தாள்.

"இறக்க வேண்டாம்" என்று அவர் காதோரம் சொன்னாள். "அங்கயே வச்சுக்கோங்க."

அவர் கையின்மேல் தன் கையை வைத்து, பாதி அழுத்தம், அதற்குமேல் ஒரு மயிரிழைகூட இல்லாமல், அழுத்தினாள். கைகளுக்குக் கீழே, அவர் நெஞ்சுக்குள், ஏதோ இறங்கியது, திரும்ப எழும்பியது. இறங்கியது, திரும்ப எழும்பியது.